அச்சுக்காரன் தப்பு

"மாதா மேல ஆணையா சொல்றேன் மாமு, இது அச்சுக்காரன் தப்பு. என் நம்பர வுட்டுகீறான்."

சிலுவைமுத்து சொன்னது அப்படியே இதுதான். இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யென்றாலும் ராயபுரம் கடல் வற்றிப்போகட்டும், இதுவரை வற்றவில்லை.

பட்டணத்தில் டிராம் ஓடிய காலம். பி.ஏ. ரிசல்ட் வந்த காலை. டீக்கடை பெஞ்சில் பேப்பரும் கையுமாக சிலுவைமுத்து. பக்கத்தில் அவனோடு படித்த உசேன். பையன் பாஸானால்தான் கல்யாணம் என்று சிலுவைமுத்து கட்டப்போகும் டோரதியின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உசேன் நண்பனை அளந்துகொண்டிருந்தான். மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதை அளக்க இன்னும் கருவி வரவில்லை என்று மனோதத்துவ வகுப்பில் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. இன்று கருவி கிடைத்துவிட்டது. இல்லாத நம்பரை ஒருவன் எத்தனை பேப்பரில் தேடுகிறானோ, அத்தனை டிகிரி.

சிலுவைமுத்து சலூன் பேப்பரைப் பிடுங்கி வந்தான். பிறகு கோயில் ஃபாதரின் இங்கிலீஷ் பேப்பர். தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, நம்பர் பின்பக்கம் ஒட்டிக்கொண்டதா என்று பார்த்தான். பி.ஏ. டிகிரி கிடைக்காதவனுக்கு இந்த டிகிரி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மரண அறிவிப்புகளில் இறங்கினான்.

"அங்க இன்னாடா தேட்ற?"

"எடம் பத்தாம இங்க போட்டிருப்பான்."

"தோஸ்து, நீ பெயிலு. ஒத்துக்கினா மன்சு லேசாப்பூடும்."

"டோரதி வூட்டாண்ட நீ வந்து சொல்றியா?"

கண் கலங்கி நின்றவனிடம் உசேன் தன் டீயைத் தள்ளி வைத்தான். மரண அறிவிப்புக்கு அரை டிகிரி சேர்த்து, மூன்றரை என்று மனசுக்குள் முடிவும் கட்டினான்.

"ஆமா, உன் நம்பரு இன்னாச்சு மாமு?"

உசேன் பேப்பரை வாங்கினான். மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். கீழிருந்து மேலே ஓட்டினான். முகம் கறுத்தது. சலூன் பேப்பருக்குக் கை நீட்டினான். அதையும் பார்த்து முடித்து, ஃபாதரின் பேப்பரைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"சிலுவை, நீ சொன்னதுதான் கரீட்டு. அச்சுக்காரன் கலீஜ் பண்ணிகீறான். வா, யுனிவர்சிட்டி செவுத்துல ஒட்டிகினு இருப்பாங்க. நேரா பாத்துடலாம்."

இருவரும் டிராமைப் பிடிக்க ஓடினார்கள்.

பரீட்சை நடந்த நாளெல்லாம் இரண்டு பேரும் ஹால் பக்கமே போகாமல், எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.