முதல் வீடியோ

மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு வந்த பிரிசில்லா, 'பிசியோதெரபிஸ்ட் பிரிசில்லா' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினாள். இறுகிப்போன தோளுக்கு என்ன பயிற்சி என்பதுதான் முதல் வீடியோ. செய்து காட்டத் தோள் வேண்டுமே, வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. தண்ணீர் கேன் போட வந்த முருகையனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் ஈரக் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய கையைத் தாங்கி மெல்ல உயர்த்தியபடி, எதிரே சாய்த்து வைத்திருந்த செல்போனைப் பார்த்துப் பேசினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவள் கையை விடவில்லை. இன்னொரு மனிதரின் சூடு உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது.

"போன் அணைஞ்சு போச்சேம்மா," என்றார் முருகையன்.

"தெரியும்ண்ணே."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மெதுவாவே செய்யுங்கம்மா," என்று கண்களை மூடிக்கொண்டார்.