ஆட்டத்தில் இடம்

அது கொள்ளைநோய்க் காலத்துப் பிரெஞ்சு ஓவியம். ராஜா, பாதிரியார், வியாபாரி, உழவன் என்று எல்லோரையும் எலும்புக்கூடுகள் கைபிடித்துச் சாவின் ஆட்டத்துக்கு இழுத்துப்போகும். பிரெஞ்சுப் படையின் முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தில் கணினி வேலை பார்க்கும் சபின், அந்த மனிதர்களுக்கு உறுப்பினர்களின் முகங்களை ஒட்டி, 'பென்ஷன் கியூ' என்று எழுதி, சங்கத்தின் ஆர்குட் பக்கத்தில் போட்டிருந்தாள். பாரிசில் இருக்கும் அவர்கள் பிள்ளைகள்வரை சிரித்தார்கள்.

உறுப்பினர் கஸ்தோன் காலையிலேயே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்துல என் மூஞ்சி இன்னும் இருக்காம்மா?"

"எடுத்துட்டேன் முசியே. எலும்புக்கூடு கையப் புடிக்க நான் என்ன மாப்ளையான்னு போன வாரம் அந்தக் கத்து கத்துனீங்களே."

"வேற யாரு எடுக்கச் சொன்னது?"

"லொரான், ஃபாபிரிஸ், இராமதாஸ்."

"மூணு பேரும் ஒரே வாரத்துல போய்ச் சேந்துட்டாங்க. படத்துல இருக்கறவன் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல."

சபின் திரையைத் தன் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டாள்.

"என்னைத் திரும்ப ஒட்டிடும்மா. எங்கயாவது ஓரமா."

"எடமில்ல முசியே."

"எப்படி இல்லாமப் போவும்? நாலு எடம் காலியாச்சே."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். லொரான் இருந்த இடத்தில் அவள் கணவன் இருந்தான். மற்ற இரண்டில் அவளும் அவள் அம்மாவும். கஸ்தோனின் உழவன் உடம்பில் அவளுடைய மூன்று வயது மகள் சிரித்தாள்.

"நேத்து லொரான் அடக்கம் முடிஞ்சி நேரா இங்கதான் வந்தேன்," என்றாள் சபின். "சொல்லுங்க முசியே, யார எடுக்கட்டும்?"