கொடியை மிரட்டுதல்

கொல்லைப் பந்தலில் திராட்சைப் பிஞ்சுகள் மிளகளவு திரண்டதுமே இந்த வருஷமும் உதிர்ந்துவிட்டன. கவாத்து பண்ணாமல் கொடியை இப்படி அடரவிட்டால் பிஞ்சு நிற்காது என்று சொன்னதற்குப் பவுன்தாயிக்குக் கன்னத்தில் அறைதான் கிடைத்தது. அவள் புருஷன் குருவையா அரிவாளோடு வந்தான். காய்க்காததை ஒருவர் வெட்டப் போவதாக மிரட்ட வேண்டும், இன்னொருவர் குறுக்கே நின்று கெஞ்ச வேண்டும். பயந்துபோய்க் காய்த்துவிடும் என்பது அந்த ஊர் வழக்கம்.

"தண்டமா நிக்கிற. உன்னைய எதுக்கு வச்சிருக்கேன்?" என்று கொடியைப் பார்த்து அரிவாளை ஓங்கினான். வார்த்தையும் குரலும் அவள் தினம் கேட்பவைதான். "இந்த ஒரு தடவை விட்ருங்க" என்ற பதிலும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் குறுக்கே போகாமல் ஓரமாக நகர்ந்து நின்றாள்.

"கெஞ்சுடி."

"வெட்டுங்க."

ஓங்கிய கையை வெறுமனே இறக்க முடியாமல் ஒரே போடாகப் போட்டான். தண்டோடு அது படர்ந்திருந்த மூங்கில் காலும் துண்டாகி, பந்தல் மொத்தமும் அவன்மேல் சரிந்தது. தெறித்து விழுந்த அரிவாளைப் பவுன்தாயி எடுத்தாள். கொடிக்குள் சிக்கிக் கிடந்தவனின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"தண்டமா கிடக்கிற. உன்னைய எதுக்கு வச்சிருக்கேன்?"

குறுக்கே வர யாராவது இருக்கிறார்களா என்று குருவையா கொல்லைக் கதவைப் பார்த்தான்.