இன்னும் ஏழு நாள்

எங்கள் ஊர் ஆம்புலன்ஸைப் பறித்தது எங்கள் நல்ல குணம்தான். ஒரு நாள் வண்டி வரத் தாமதமானதால், பிரசவ வலி எடுத்த ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் ஓடினோம். எந்த ஊருக்கு என்ன தேவை என்று முடிவுசெய்ய அரசாங்கம் முச்சந்திக் கம்பத்தில் மாட்டியிருந்த கேமரா அதைப் பார்த்தது. "தன்னார்வத்தில் சிறந்த ஊர், இங்கே வண்டி தேவையில்லை" என்று அறிவித்துவிட்டது. சண்டை போட்டோம். தொண்ணூறு நாள் யாரும் யாருக்கும் உதவாமல் இருந்து காட்டினால் வண்டி திரும்ப வருமாம்.

காட்டினோம். அதன் கண்ணெதிரே ஒருவர் தலைக்கு ஒருவர் குடம்கூடத் தூக்கிவிடவில்லை.

எண்பத்து மூன்றாம் நாள், விறகுக்கட்டோடு வந்த பேச்சிக்கனி அத்தை கேமராவுக்கு நேர் கீழே விழுந்தாள். கால் எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நான் ஓடினேன்.

"கிட்ட வராதடா!" என்று கத்தினாள். "எவனாச்சும் தொட்டீங்க, செருப்பு பிஞ்சிரும்! இன்னும் ஏழு நாளுதான். எம் மருமகளுக்கு அடுத்த வாரம் தேதி. வண்டி வரணும்ல?"

ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அத்தை காலை இழுத்துக்கொண்டு, கேமராவை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே, நாலு வீடு தள்ளியிருந்த தன் வாசல்வரை தவழ்ந்து போனாள். படியில் கை வைத்ததும் கேமராக் கம்பத்து ஒலிபெருக்கி இனிமையாகப் பேசியது.

"வாழ்த்துகள்! உங்கள் ஊரில் காயம்பட்டவர்கள் தாங்களாகவே வீடு திரும்புகிறார்கள். ஆம்புலன்ஸ் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது."

ஒருவன் கடப்பாரை கொண்டுவந்தான். எண்பத்து மூன்று நாளுக்குப் பிறகு ஊர் ஒன்றாகக் கை கொடுத்தது, அந்தக் கம்பத்தைப் பிடுங்கி எறிய.