ஒழுகாத வத்தை

வாங்கி இருபது நாளாகியும் அந்தப் பழைய பாய்மர வத்தையில் சந்தியாகு நனையாமல் கரையேறியதில்லை. அவர் சுக்கான் பிடிக்க, மனைவி ரொசாலி டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டேயிருப்பாள். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் இரண்டு முறை அடைத்தாயிற்று. நீர் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

"ஓட்டையைக் கண்டுபிடிங்க. அதுக்கப்புறந்தான் நான் கடலுக்கு வருவேன்" என்று ரொசாலி சொல்லிவிட்டாள். அவளை விட்டால் துணைக்கு ஆளில்லை.

வத்தையை மணலில் ஏற்றி, உள்ளே கடல்நீரை ஊற்றிப் பார்த்தார்கள். வெளியே எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை. காலையிலிருந்து இருவரும் குடம் குடமாகச் சுமந்ததில், உட்காரும் பலகை மூழ்கிவிட்டது. சந்தியாகு மணலில் படுத்து அடிப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். கையில் ஈரமே இல்லை.

"ஒரு சொட்டுக்கூட இல்ல, புள்ள."

ரொசாலி குடத்தைக் கீழே போட்டாள். சேலையோடு வத்தைக்குள் ஏறி, இடுப்பளவு நீரில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்களும் வாங்க. முதுகு விட்டுப்போச்சு."

அவரும் ஏறி எதிரே உட்கார்ந்தார். நீர் அசையாமல் நின்றது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன பக்கத்து வீட்டு அமலதாஸ் நின்று பார்த்தான்.

"என்னண்ணே, இன்னும் ஒழுகுதா?"

"இல்லடா" என்றார் சந்தியாகு. இருபது நாளில் முதல் தடவையாக அப்படிச் சொன்னார்.

அவன் போனபின் திரும்பினார். ரொசாலி கண்ணை மூடியிருந்தாள். அவள் கை மட்டும் டப்பாவை எடுத்து இறைத்துக்கொண்டிருந்தது.