முதுகில் ஒரு வட்டம்

ரெனால்ட் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தபோதுதான் பேர்ணடெற் அந்த வட்டத்தைக் கண்டாள்.

இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு மச்சத்தைச் சுற்றி, நீலப் பேனையால் போட்ட வட்டம்.

வியர்வையில் ஒரு பக்கம் கலைந்திருந்தது. மற்றப் பக்கம் அப்படியே பளிச்சென்று கிடந்தது. இன்றைக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

தன்னுடைய முதுகில் தானே வட்டம் போட எந்த மனிதனாலும் முடியாது.

அவள் போடவில்லை. அவன் துறைமுகத்து ஒஃபிஸிலிருந்து நேரே பொரளைக்கு, இந்தத் தோல் டொக்டரிடம் வந்தவன். தனியாகப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். அவள்தான் கேளாமல், கொட்டாஞ்சேனையிலிருந்து த்ரீவீல் பிடித்து வந்து வாசலில் நின்றாள்.

போன கிழமை சோறு தின்னும்போது அவனாகத்தான் கதையைத் தொடங்கினான்.

"முதுகில ஒரு மச்சம் பெருத்திருக்காம். டொக்டரிட்டக் காட்டட்டாம்."

பெருத்திருக்கு என்று சொல்லியிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள். பெருத்திருக்காம் என்றான். அந்த 'ஆம்' மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் நின்றது.

ஆர் சொன்னது என்று கேட்டாள்.

"ஒராள்" என்றான். பிறகு இன்னொரு கரண்டி பருப்பு போடச் சொன்னான்.

வாசலுக்குக் குப்பை போடப் போனாலும் பெனியன் இல்லாமல் போகாத மனிதன் அவன். கடல் குளிக்கிற பழக்கமும் இல்லை. அந்த ஒராள் எங்கே நின்று பார்த்தாள்? எந்த வெளிச்சத்தில் பார்த்தாள்? சட்டி கழுவும்போதும் பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அவளுக்கு இதே யோசனைதான்.

ஒஃபிஸில் சாமினி என்றொருத்தி இருந்தாள். அவளுடைய மெசேஜ்களை அவன் போனில் கண்டு வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை இருவரும் வாயில் எடுக்கவில்லை.

பேர்ணடெற் வட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவசரத்தில் போட்ட வட்டம் இல்லை அது. பேனை வழுக்காமல் இருக்க, போட்டவள் மற்றக் கையை அவன் தோளில் ஊன்றியிருப்பாள். மை காயட்டும் என்று ஊதியும் விட்டிருப்பாள்.

டொக்டர் வெளிச்சம் பூட்டிய கண்ணாடியை மச்சத்தின் மேல் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஓரம் ஒழுங்கில்ல. நிறமும் ஒரேமாதிரி இல்ல. வெட்டியெடுத்து டெஸ்ற்றுக்கு அனுப்புவம்" என்றார். "பிந்தேல்ல எண்டுதான் நினைக்கிறன். இன்னும் விட்டிருந்தா கதை வேற."

ரெனால்டின் முதுகு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

டொக்டர் வட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வடிவா அடையாளம் போட்டு விட்டிருக்கிறீங்கள். இந்த இடத்தை மனுசன் தானாக் காணேலாது. இனி மாசத்துக்கு ஒருக்கா நீங்கள்தான் முதுகு முழுக்கப் பார்க்க வேணும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள்தானே முதல்ல கண்டது?"

ரெனால்ட் திரும்பவில்லை. அவன் காதுமடல்கள் சிவந்துபோயின.

"ஓம் டொக்டர்" என்றாள் பேர்ணடெற். "நான்தான் முதல்ல கண்டது."

அவன் தலை மெல்லக் குனிந்தது. தன் மானத்தைக் காப்பாற்ற மனைவி பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான்.

அவள் பொய் சொல்லவில்லை.

போன வருசம் கொச்சிக்கடைத் திருவிழாவுக்குப் போக அவன் உடுப்பு மாற்றியபோதே அவள் கண்டுவிட்டாள். கலியாணம் முடித்த நாளில் எள்ளளவாக இருந்த மச்சம் பெருத்து, ஓரம் கலைந்து பரவியிருந்தது. சாமினியால் சண்டை நடந்த கிழமை அது. இருவருக்கும் பேச்சில்லை. இருந்தும் சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

பார்க்கிறவள் சொல்லட்டும் என்று நினைத்தாள்.