சுடுதண்ணி மாப்பிள்ளை

முதலில் சுடுதண்ணிச் சிலிண்டரைத் தொட்டேன். கை சுட்டது.

அதிலிருந்து வரும் குழாயைத் தொட்டேன். அதுவும் சுட்டது. அந்தக் குழாய் ஒரு பித்தளை வால்வுக்குள் போய், மறுபக்கத்தால் குளியலறைக்குள் நுழைகிறது. மறுபக்கத்தைத் தொட்டேன். குளிர்ந்து கிடந்தது.

மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன். நான் எதையும் ஒரே தரத்தில் நம்புகிறவன் அல்ல. என்னையும்தான்.

“என்ன தம்பி, சரிவருமா?”

பின்னால் நின்று கேட்டவர் ஸைனுலாப்தீன். மலைநாட்டுப் பதுளைக்காரர். எட்டு மாதத்துக்கு முன் என் மாமி மகள் ஸம்ஸியாவைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார்.

முறைக்கு அவர் எனக்கு அண்ணன்; காக்கா என்று கூப்பிட வேண்டும். அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

வந்து சேர்ந்திருக்க வேண்டியவன் நான். அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஸம்ஸியாவும் சொன்னதில்லை. ஆனால் ஆசியா மாமி சின்ன வயதிலிருந்தே என்னை மருமகன் என்றுதான் கூப்பிடுவா. இப்போது அந்தச் சொல்லுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறோம்.

கலியாணத்துக்குப் பிறகு இந்த வளவுக்குள் நான் கால் வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு, மாலை வகுப்பில் இயந்திரப் பாடம் படிக்கிறேன், நேரமில்லை என்றேன். இன்று மாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் அந்தப் படிப்பால்தான்.

அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன சிலிண்டர் அது. அடியில் விறகு எரியும். வால்வுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட், சுடுதண்ணியையும் பச்சைத்தண்ணியையும் அளவாகக் கலந்து விடும். எங்கள் ஊர் வெயிலில் இதைக் கொண்டுவந்து பூட்டிய மாப்பிள்ளையை நினைத்துச் சந்தையே சிரித்தது.

“மனிசன் குளிக்கிறாரா, அவியிறாரா?” என்று கேட்டான் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஹமீட்.

சுடுதண்ணி மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நான்.

தண்ணீரை அடைத்துவிட்டு வால்வைக் கழற்றினேன். உள்ளே சிறுவிரல் பருமனில் ஒரு செப்புக் குப்பி. சூடு பட்டால் அது நீண்டு, நுனியில் இருக்கும் ஊசியைத் தள்ள வேண்டும். ஒரு குவளை கொதிநீரில் போட்டேன். ஊசி அசைந்தது. ஆறவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அசைந்தது. குப்பியில் பழுதில்லை.

பழுது துவாரத்தில் இருந்தது. சுடுதண்ணி உள்ளே வரும் துவாரம். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதில் வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தது. அவ்வளவுதான். இன்றைக்கே முடிகிற வேலை.

சொல்வதற்கு நிமிர்ந்தேன்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். தலைமயிரில் கடல் தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அவருக்குப் பின்னால் கொடியில் அவருடைய சட்டையும், பக்கத்தில் ஸம்ஸியாவின் முக்காட்டுத் துணியும் காய்ந்தன. காற்றில் சட்டையின் கை எழும்பி அந்தத் துணியின்மேல் விழுந்தது. விழுந்து அப்படியே கிடந்தது.

“குப்பி வெடிச்சிட்டு” என்றேன். “கொழும்பிலருந்துதான் எடுக்கவேணும். ரெண்டு மாசம் செல்லும்.”

இரண்டு மாதம் பச்சைத்தண்ணியில் குளிக்கட்டும் என்று நினைத்தேன். என் குரல் நடுங்கவில்லை. வகுப்பில் சரியான விடையைச் சொல்லும்போதே நடுங்குகிற குரல்.

அவர் கோபப்படவில்லை. சிலிண்டருக்கு அடியில் குந்தி, எரிகிற கொள்ளியை வெளியே இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தார்.

“ரெண்டு மாசம் அவ தாங்கமாட்டா, தம்பி.”

எனக்கு விளங்கவில்லை.

“நான் கடல்லதான் குளிக்கிறன். ஸம்ஸியாக்குத்தான் காய்ச்சல் விட்டதிலருந்து முழங்கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இந்தத் தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் இருந்தாத்தான் நாலடி நடக்கிறா. வெளியில சொல்லவேணாம் எண்டு மாமி அழுதா, அதால ஒருத்தருக்கும் சொல்லல்ல. நான் வேலைக்குப் போனாப் பிறகு பானை பானையாக் காய்ச்சித் தூக்க மாமிக்கு ஏலாது. நாளைக்கே நான் அவவப் பதுளைக்குக் கூட்டிப் போறன். எங்கட தேத்தண்ணிக் கடையில எந்த நேரமும் சுடுதண்ணி கிடக்கும்.”

கதவுக்குப் பின்னால் மாமி விம்மினா. “என்ட புள்ளய மலைக்கு அனுப்பிப்போட்டு நான் ஆரோட இரிக்கிற?”

ஒரு வார்த்தை சொன்னால் ஸம்ஸியா இங்கேயே இருப்பாள். சொன்னால், சற்றுமுன் நான் சொன்னது பொய் என்று இந்த மனிதருக்குத் தெரிந்துவிடும். மூன்று தரம் யோசிக்க நேரமில்லை.

“தேசிக்காய் இருக்கா?” என்றேன். “அந்தப் புளிச்சாறில வால்வ ஊறப்போட்டா அரைமணித்தியாலத்துல சுண்ணாம்பு கரைஞ்சிரும்.”

அவர் என் கையிலிருந்து குப்பியை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து மெல்ல உருட்டிப் பார்த்தார். வெடிப்பு எங்கும் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நான் கீழே பார்த்தேன்.

“மாமி, அழாதீங்க” என்று கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னார். “கொழும்புச் சாமான் ஒண்டும் தேவையில்ல. தம்பி யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டார். நாலு தேசிக்காய் தாங்க.”

உள்ளேயிருந்து ஸம்ஸியாவின் குரல் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை.

“மச்சானுக்கு ஏலாத வேலை ஒண்டு இரிக்கா?”

அந்த நல்ல பெயரையும் அவர்தான் எனக்கு வாங்கித் தந்தார்.